இரண்டு கண் சாட்சி

ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது என் வீட்டுக்காரர் இரண்டு பேராக நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேர் கையிலும் டீ கிளாஸ். ஒருத்தரை வைத்து மாரடிப்பதே பெரும்பாடு, இதில் இன்னொருத்தரா என்று நினைத்தபடி கையை நீட்டினேன். நான் பிடிக்கப் போனது இல்லாத கிளாஸை. இருக்கிற கிளாஸ் என் புறங்கையில் பட்டுப் பாயெல்லாம் டீ.

"ஏ புள்ள, தூக்கம் தெளியலியா?" என்று இரண்டு பேரும் ஒரே வாயால் கேட்டார்கள்.

இப்போது சிரிப்பாகச் சொல்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தேன். ஒரு கண்ணைப் பொத்தினால் அவர் ஒருத்தர்தான். எந்தக் கண்ணைப் பொத்தினாலும் சரி. இரண்டையும் திறந்தால் பக்கத்தில் இன்னொருத்தர் முளைத்துவிடுவார். ஜன்னல் இரண்டு, சுவரில் ஓடும் பல்லி இரண்டு. இடது பக்கம் திரும்பிப் பார்த்தால் இரண்டும் இன்னும் விலகிப் போயின.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் ஜமீலா. மும்பை தாராவியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கார்கானா, பட்டறை. பெண்கள் தோளில் மாட்டும் தோல் பை தைக்கிறோம். வெட்டுவது என் வீட்டுக்காரர் சாகுல். எந்தத் தோலோடு எந்தத் தோல் சேரும் என்று ஜோடி பார்ப்பது நான். வெளியில் இருப்பவர்களுக்குக் கருப்பு என்றால் ஒரே கருப்புதான். எங்களுக்கு அப்படி இல்லை. ஒரு தோலில் நீலம் ஓடும், ஒன்றில் செம்மை ஓடும், ஒன்று சாம்பல் தட்டிப்போயிருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. பையாகத் தைத்துக் கடையில் விளக்குப் போட்டதும் முன்பக்கம் ஒரு நிறம், பின்பக்கம் ஒரு நிறம் என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் டியூப்லைட்டில் பார்க்கவே கூடாது. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு துண்டையும் ஒட்டிப் பிடித்து, முதலில் இடது கண்ணைப் பொத்திப் பார்க்க வேண்டும், பிறகு வலது கண்ணைப் பொத்தி. இரண்டு கண்ணும் ஒரே சாட்சி சொன்னால்தான் கத்தி வைக்கலாம். இது எங்கள் கார்கானாவில் நான் போட்ட சட்டம். அவருக்கு இதில் பொறுமை கிடையாது. "கோர்ட்டு கூடியாச்சு" என்பார். ஆனால் நான் தலையசைக்காமல் ஒரு கருப்புத் தோலிலும் கத்தி வைத்ததில்லை.

அந்தக் கண்ணில்தான் இந்த இரட்டை வந்து விழுந்தது. இந்தக் கண் இல்லையென்றால் அந்தக் கார்கானாவில் நான் டீ போடுகிறவள்தான்.

மகள் நிலோஃபர்தான் மாட்டுங்கா பக்கம் இருக்கும் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு கண்ணைத் துப்பட்டாவால் பொத்தியபடி டாக்ஸியில் உட்கார்ந்திருந்தேன். பக்கவாதமாக இருக்குமோ, மூளையில் ஏதும் கட்டியோ என்று நான் புலம்ப, அவள், "உம்மா, டென்ஷன் மத் லோ, பயப்படாத, சும்மா பவர் ஏறியிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போனில் ஏதோ தேடினாள். படித்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

காத்திருக்கும் கூடம் ஒரு தனி உலகம். கண் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்துவிடுகிறார்கள். கண் பாப்பா பெரிதாகி, வெளிச்சம் கூசி, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அல்லாஹ் பெயரைச் சொல்லி ஜிகிர் செய்கிறவர்கள் மாதிரி வரிசையாக இருப்பார்கள். பெயர் கூப்பிட்டால் நாலு பேர் தடுமாறி எழுந்திருப்பார்கள். எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன், நடந்தால் எதிரே இரண்டு தூண். நடுவில் போகலாம் என்று போய்த் தூணில் இடித்துக்கொண்டேன்.

டாக்டர் மராட்டிக்கார அம்மா. இந்தியில் சொன்னார், நான் தமிழில் சொல்கிறேன். பேனாவை என் முகத்துக்கு முன்னால் ஆட்டி, தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் பார்க்கச் சொன்னார். வலது பக்கம் இரண்டு கண்ணும் போனது. இடது பக்கம் வரும்போது இடது கண் நடுவிலேயே நின்றுகொண்டது. நிலோஃபர் போனில் எடுத்த படத்தைப் பார்த்தேன். சண்டை போட்ட மருமகள் மாதிரி, எல்லோரும் கிளம்பினாலும் அது மட்டும் நான் வரவில்லை என்று நின்றது.

"கண்ணை வெளிப்பக்கமாக இழுக்கிற தசை ஒன்று இருக்கிறது. அதற்குப் போகிற நரம்பு சோர்ந்துபோயிருக்கிறது. இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்காததால் மூளைக்கு இரண்டு படம் போகிறது. கண்ணுக்குள்ளே ஒரு கோளாறும் இல்லை" என்றார். பிறகு, "சர்க்கரை எவ்வளவு நாளாக இருக்கிறது?" என்று கேட்டார்.

"எனக்குச் சர்க்கரையே கிடையாது" என்றேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இருந்தது. ஒன்றும் தெரியாத மாதிரி எத்தனையோ நாளாக உள்ளே குடியிருந்திருக்கிறது. மாஹிமிலிருந்து அல்வா வாங்கி வந்தால் பாதி டப்பா எனக்கு என்று வீட்டில் எழுதப்படாத ஒப்பந்தம். கார்கானாவைப் பூட்டிவிட்டு வந்து சேர்ந்திருந்த வீட்டுக்காரர் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அல்வாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

சர்க்கரையை இறக்கவும் தலையை ஸ்கேன் எடுக்கவும் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். எம்ஆர்ஐ என்கிற அந்தக் குழாய், காந்தத்தை வைத்து மூளையைப் படம் எடுக்கிறது, வலி கிடையாது. ஆனால் சத்தம் இருக்கிறதே, தகரக் கூரை போட்ட வீட்டில் நம்மைப் படுக்கவைத்து மேலே ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் கல்லெறிகிற மாதிரி. தெரிந்த துஆவையெல்லாம் ஓதினேன். பாதியில் மறந்துபோய் முதலிலிருந்து ஓதினேன். வெளியே வந்தபோது பில் கவுண்டர் முன்னால் வீட்டுக்காரர் முதுகு தெரிந்தது. ஒரு முதுகு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு முதுகு. இரண்டும் கூனியிருந்தன. ஸ்கேன் சத்தத்தைவிட அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

தலையில் கட்டி இல்லை, அடைப்பு இல்லை. சர்க்கரையால் நரம்புக்குப் போகும் சின்ன ரத்தக்குழாய் வாடிவிட்டது, அவ்வளவுதான் என்றார்கள். "பெரும்பாலும் சில மாதங்களில் தானாகத் திரும்பிவிடும். அதுவரை இரட்டை தெரியாமல் இருக்க ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்றார் டாக்டர். பெரும்பாலும் என்கிற வார்த்தை வீடு வரைக்கும் என்னோடு டாக்ஸியில் வந்தது.

ஆஸ்பத்திரியில் கொடுத்தது வெள்ளைத் துணியில் செய்த, கண் மேல் ஒட்டுகிற ஒரு மூடி. மும்பை வேர்வைக்கு அது நிற்குமா? ஒரு ஓரம் பிய்ந்து தொங்கியது, தோல் அரித்தது, துணி வழியே வெளிச்சம் கசிந்தது. நான் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். வடாலாவிலிருந்து ஓதிய தண்ணீரோடு வந்த நாத்தனாரிடம்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் கார்கானாவிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்து மடியில் வைத்தார்.

"போட்டுப் பாரு. உறுத்துச்சுன்னா சொல்லு, மாத்தித் தாரேன்."

மெல்லிய ஆட்டுத்தோலில் செய்த கண்மூடி. வெளியே தோல், உள்ளே கருப்பு லைனிங், ஓரமெல்லாம் பஞ்சு வைத்து மடித்து, தையல் கன்னத்தில் படாதபடி உள்பக்கம் மறைத்து, எலாஸ்டிக் கோர்த்திருந்தார். என் மூக்கின் வளைவுக்குச் சரியாக வெட்டியிருந்தார். எப்போது அளவெடுத்தார் என்று தெரியவில்லை. போட்டதும் இடது கண்ணுக்கு மையிருட்டு. ஒரு ஊசி வெளிச்சம் உள்ளே வராது. இவ்வளவு ஆசையாக அவர் எனக்கு எதையும் தைத்ததில்லை. இந்த மூடிதான் என்னைப் பைத்தியக்காரியாக ஆக்கப் போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

உடம்பு கொஞ்சம் தேறியதும் கார்கானாவுக்குப் போனேன். ரோட்டில் வெயில் கொளுத்தியது. உள்ளே ஏணிப்படியடியில் எப்போதும் இருட்டு. திறந்திருந்த வலது கண்ணால் பார்த்தால் படியே தெரியவில்லை. மூடியைத் தூக்கி இடது கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு படியும், படியில் ஒட்டியிருந்த பசையும் தெரிந்தது. எனக்குத் திக்கென்றது. கெட்ட கண்ணுக்குத் தெரிகிறது, நல்ல கண்ணுக்குத் தெரியவில்லை!

மேலே போய் வாசல் வெளிச்சத்தில் ஒரு காப்பி நிறத் தோலை எடுத்தேன். மூடியைக் கழற்றி என் சட்டப்படி கோர்ட்டைக் கூட்டினேன். இடது கண், தோலின் ஒவ்வொரு சுருக்கத்தையும் எண்ணெய் தடவிய மாதிரிப் பளிச்சென்று காட்டியது. வலது கண்ணுக்கு அதே தோல் வெளுத்து, மேலே சாம்பல் தூவிய மாதிரி இருந்தது. முப்பது வருஷமாக ஒரே சாட்சி சொன்ன கண்கள். இப்போது ஆளுக்கொரு பேச்சு. உடனே மூடியைப் போட்டு அழுத்திக்கொண்டேன். பார்க்கப் பார்க்க இன்னும் கெட்டுவிடுமோ என்று பயம்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி ஸ்கேன், மறுபடி அந்தக் கவுண்டர், அந்த முதுகு. எனக்கு நானே வைத்தியம் பார்த்தேன். பாவம் வலது கண், தனியாக உழைத்துக் களைத்துவிட்டது, ஓய்வு கொடுப்போம் என்று மறுநாள் மூடியை வலது பக்கம் மாற்றினேன். சாயங்காலம் கழற்றிப் பார்த்தால், வலது பளிச்சென்றிருக்கிறது, இடது மங்கிவிட்டது. யா அல்லாஹ்! நோய் வாடகைக்கு இருக்கிறவன் மாதிரி இந்தக் கண்ணிலிருந்து அந்தக் கண்ணுக்குக் குடிமாறிக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன். அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு வடிக்கும்போது, துணி காயப்போடும்போது, தொழுது முடித்துப் பாயில் இருக்கும்போதே, மூடியைத் தூக்குவேன், பார்ப்பேன், பயந்து மறுபடி மூடுவேன்.

இதற்கிடையே இன்னொன்று. கார்கானாவில் கருப்புத் தோலே கண்ணில் படவில்லை. காப்பி நிறம் இருந்தது, செங்கல் நிறம் இருந்தது, பச்சைகூட இருந்தது. கருப்பு இல்லை.

"கருப்பு மாலு எங்க?" என்று கேட்டேன்.

"சீசன் இல்ல" என்றார், கத்தியைத் தீட்டியபடி.

கருப்புக்கு ஏது சீசன்? மறுநாள் அவர் போனில் தோல் வியாபாரியிடம், "கருப்பு இப்ப வேண்டாம் பாய், பிரவுன் மட்டும் போட்டு விடுங்க" என்று சொல்வதை என் காதால் கேட்டேன். எனக்குப் புரிந்துவிட்டது. கருப்புக்குத்தான் நான் வேண்டும். என் கண் திரும்பாது என்று இந்த மனிதர் கணக்கை முடித்துவிட்டார். என் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராமல் கருப்பையே நிறுத்திவிட்டார். ராத்திரி சாப்பாட்டை அவர் முன்னால் சத்தமாக வைத்தேன். அவர் தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். அது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

பொறுக்க முடியாமல், குறித்த தேதி வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றேன். நிலோஃபரும் காலேஜை விட்டுவிட்டு வந்தாள். கண் பரிசோதிக்கும் அறையில் பத்மா என்று ஒரு பெண், மாட்டுங்கா தமிழ். முதல் தடவையே, "தமிழா நீங்க?" என்று கேட்டு எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டவள். அவளைப் பார்த்ததும் அடக்கிவைத்ததெல்லாம் உடைந்துவிட்டது.

"ரெண்டு கண்ணும் போச்சு தாயி. ஒண்ணு மாத்தி ஒண்ணா அவியுது. எனக்கு இனி வெளிச்சமே இல்ல" என்று அழுதேன். நிலோஃபர், "உம்மா, எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பத்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். ஏணிப்படி, காப்பி நிறத் தோல், கோர்ட்டு, சாட்சி எல்லாம். பிறகு என் கண்மூடியைக் கழற்றி, விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். உள்ளே விரலை விட்டுத் தடவினாள்.

"இதை யார் பண்ணிக் கொடுத்தா?"

"எங்க வீட்டுல அவங்கதான்."

"பேஷா பண்ணியிருக்கார். பொட்டு வெளிச்சம் போகாது." அவள் சிரித்துவிட்டாள். "ஜமீலாம்மா, உங்க கண்ணு அவியலை. பயப்படாதீங்கோ. மொதல்ல இந்த சார்ட்டைப் படியுங்கோ."

அது வழக்கமான பலகை இல்லை. எழுத்தெல்லாம் ஒரே அளவு. ஆனால் கீழே போகப் போக கருப்பு கரைந்து சாம்பலாகி, வெள்ளைத் தாளோடு கலந்துவிடும். எவ்வளவு மங்கலானதைக் கண்ணால் பிரித்தறிய முடிகிறது என்று பார்க்கிற சோதனை. எங்கள் தொழிலுக்கென்றே செய்தது போல இருந்தது. அதுவரை மூடியிருந்த இடது கண், வலது கண்ணைவிட இன்னும் கீழே வரை படித்தது. பார்த்தாயா என்கிற மாதிரி நான் மறுபடி கண்ணீர் விட்டேன்.

"இப்போ மூடியைப் போடாம வெளியில போய் உட்காருங்கோ. ரெண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். இரட்டையாத் தெரிஞ்சா தெரியட்டும். நான் கூப்பிடறேன்."

வராந்தாவில் உட்கார்ந்தேன். இரண்டு நிலோஃபர்கள் எனக்குச் சர்க்கரை இல்லாத டீ வாங்கிவந்தார்கள். இந்தத் தடவை கிளாஸைத் தடவிப் பிடித்துக்கொண்டேன். மூடியைப் போட்டுக்கொள்ளக் கை பரபரத்தது. நிலோஃபர் அதைத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள். நேரம் போனது. பத்மா கூப்பிட்டாள். அதே சார்ட்டை, எழுத்துகளின் வரிசையை மட்டும் மாற்றி வைத்தாள். வலது கண் படித்தது. இடது கண் படித்தது. இரண்டும் ஒரே வரியில் வந்து நின்றன.

என்னால் நம்ப முடியவில்லை. மறுபடி படிக்கிறேன் என்றேன். மறுபடியும் அதே வரி.

"சினிமா தியேட்டருக்குள்ள நுழைஞ்சா மொதல்ல சீட்டு தெரியறதா? இருந்து பழகினா எல்லாம் தெரியும் இல்லையா? உங்க ஒரு கண்ணு நாள் பூரா தியேட்டர்ல உட்கார்ந்திருக்கு, இன்னொண்ணு ரோட்டுல வெயில்ல நிக்கறது. ரெண்டையும் ஏணிப்படியில கொண்டுவந்து நிறுத்தினா எதுக்குத் தெரியும்?" என்றாள் பத்மா. "அது ஒண்ணு. இன்னொண்ணும் உண்டு. போன்ல எதிராளி குரல் சன்னமாக் கேட்டா வால்யூமை ஏத்தறோம். மூளையும் மூடின கண்ணுக்கு அப்படித்தான் ஏத்தி வைக்கும். திறந்ததும் அந்தக் கண்ணு கொஞ்ச நேரம் ஓங்கிப் பேசும், மத்தது அடங்கினாப்ல இருக்கும். அப்புறம் தானா சமத்துக்கு வந்துடும். நீங்க அது வர்றதுக்குள்ள பயந்து பயந்து மூடியிருக்கேள். மாத்தி மாத்தி மூடறது தப்பில்லை. திறந்த உடனே சாட்சிக்குக் கூப்பிடாதீங்கோ, அவ்வளவுதான்."

வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. பத்மாவின் இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தேன். கண்மூடி போட்டிருப்பவர்களுக்கு இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மூடியைக் கழற்றியதும் ஒரு கண் பளிச்சென்றும் ஒரு கண் மங்கலாகவும் இருந்தால் உடனே ஒப்பாரி வைக்காதீர்கள். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். பொறுத்தும் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். என்னை மாதிரி வீட்டுக்குள்ளேயே வைத்தியம் பார்க்காதீர்கள்.

ஆனால் நரம்பு திரும்ப வேண்டுமே. பத்மா சொன்னது மங்கலுக்குத்தான் பதில், இரட்டைக்கு இல்லை. இரட்டை போகாமல் கார்கானாவில் நிற்கக்கூட முடியாது. அல்வாவை நிறுத்தினேன், மாத்திரை தின்றேன், காலையில் நடந்தேன். தினமும் மூடியைக் கழற்றி அவரை எதிரே நிற்கச் சொல்வேன். இரண்டு சாகுல்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பேன். பல நாள் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு நெருங்கினார்கள். தோளோடு தோள் உரசினார்கள். ஒருவர் மேல் ஒருவர் ஏறினார்கள். ஒரு நாள் மத்தியானம் மீன் வாங்கிக்கொண்டு அவர் சந்துக்குள் திரும்பி வந்தபோது, ஒரே ஆள், கையில் ஒரே பை. நான் வாசலில் நின்றபடி தலையை இடது பக்கம் திருப்பிப் பார்த்தேன், வலது பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒரே ஆள்தான்.

"என்ன அப்படிப் பாக்க?" என்றார்.

"ஒத்தையா வாறிய" என்றேன்.

அவர் மீனை உள்ளே வைக்கவில்லை. பையை வாசலிலேயே போட்டுவிட்டு, "கார்கானாவுக்கு வா" என்று முன்னால் நடந்தார். ஏணி வைத்துப் பரண் மேல் ஏறி, என் பழைய சேலையில் சுற்றியிருந்த ஒரு பெரிய கட்டை இறக்கினார். அவிழ்த்தார். உள்ளே கருப்புத் தோல், ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரு கத்திக் கீறல் படாமல்.

"நீ படுத்தன்னிக்கு வந்த மாலு" என்றார்.

"சீசன் இல்லன்னிய?"

"ரெண்டு கண்ணு சாட்சி வேணும்னு நீதானே சொல்லுவ. நீ இல்லாம நான் எத வச்சு வெட்ட? பார்ட்டிகிட்ட எல்லாம் கருப்பு பொறவு தாரேன்னு சொல்லிட்டேன்."

அப்படியென்றால் நான் திரும்பி வருவேன் என்று நினைத்துத்தான் எடுத்துவைத்திருக்கிறார். நான் சாப்பாட்டுத் தட்டைச் சத்தமாக வைத்த அத்தனை நாளும் அது கார்கானாவில் என் தலைக்கு மேலேதான் இருந்திருக்கிறது. எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மேலே இருந்த இரண்டு தோலை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தேன். பத்மா சொன்னபடி அவசரப்படாமல் கொஞ்ச நேரம் இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருந்தேன். அவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

பிஸ்மில்லாஹ் சொல்லி இடது கண்ணைப் பொத்தினேன். ஒரு தோலில் நீலம் ஓடியது, மற்றதில் செம்மை. வலது கண்ணைப் பொத்தினேன். அதே நீலம், அதே செம்மை.

"ஜோடி இல்ல" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அவர், கத்தியைக் கீழே வைத்து. ஜோடி சேராத தோலுக்காக அல்லாஹ்வைப் புகழ்ந்த மனிதர் தாராவியிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.